ஏழாம் நம்பர் பேரிங்

சாக்குப் பையைப் பிரித்து மேஜைமேல் கவிழ்த்ததும் ஓர் இரும்பு வளையம் உருண்டு வந்து அவள் கையருகே விழுந்தது. பேரிங்கின் உள்வளையம். ஒரு பக்கம் அடுப்புக்கரியாய்க் கறுத்து, மறுபக்கம் துருவேறி, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. கம்பியில் கோத்துக் கட்டியிருந்த தகர வில்லையைத் திருப்பிப் பார்த்தாள். ‘சூளை, சூடுகாற்று ஃபேன், 7.’

வில்லையைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

அந்தச் சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பாலிஷ்காரி. சுற்று வட்டாரத்தில் எந்த ஆலையில் எது உடைந்தாலும் அதன் துண்டு இங்கேதான் வரும். அதை வெட்டி, கறுப்புப் பொடிக்குள் வைத்து அழுத்திச் சுட்டு வில்லையாக்கி, எமரித் தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் முகம் தெரியும்வரை மெருகேற்றி, மேலே ஒரு சொட்டு அமிலத்தை ஓட விட்டால், இரும்பின் உள்விவகாரம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிடும். பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் சார். அவர் பார்ப்பதற்குத் தயார் செய்கிறவள் இவள். பதினான்கு வருஷமாக இதே வேலை. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. ஆனாலும் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எந்த எஃகு எப்படிச் செத்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்கமாட்டாள். சம்பளம் கைக்குத்தான், வாய்க்கு இல்லை.

ஏழாம் நம்பர் ஃபேனைப் பற்றி இங்கே வந்து தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. சுண்ணாம்புச் சூளையின் கொதிக்கிற காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஃபேன் அது. மூன்று வாரத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போதே பேரிங் இறுகி, தண்டு முறிந்து, இறக்கை கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. பாய்ந்த வழியில் நெட்டை நின்றிருந்தான். அவன் உயரத்துக்குச் சவப்பெட்டி அடிப்பதற்குள் தச்சனுக்குப் பலகை பற்றாமல் போனது.

நெட்டையும் அவள் புருஷனும் ஒரே ஷிப்ட். ஒரு கிளாஸ் டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தவர்கள். ஒரே வரிசையில் வீடு, நடுவில் நாலு கதவு. ஃபேன்களுக்குக் கிரீஸ் போடுவது அவள் புருஷன் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்தப் பிசுபிசுப்பினாலேயே அவனுக்குப் பிசுக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. ‘கிரீஸ் போடாமல் போட்டதாகக் கணக்குக் காட்டினான், அதனால்தான் ஆள் செத்தான்’ என்று கம்பெனி அவனை நிறுத்தி வைத்திருந்தது. போட்டேன், என் தலைமேல் அடித்துச் சொல்கிறேன், போட்டேன் என்றான் அவன். சங்கத்துக்காரர்கள் விடவில்லை. பேரிங் இருப்பது அடுப்பு வாய் மாதிரி இடம். கம்பெனி வாங்கிப் போட்டதோ எங்கேயும் கிடைக்கிற சாதாரண எஃகு. சூட்டில் இரும்பு வெந்துதான் உடைந்தது, வெளியே கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். வெளியே என்றால் இங்கே.

நெட்டையின் மனைவிக்கு இரும்பு, எஃகு எதுவும் தெரியாது. கம்பெனி ஆள் வந்து என்ன சொல்லிவிட்டுப் போனானோ அதுதான் தெரியும். “என் குடியைக் கெடுத்தவன் குடி விளங்குமா?” என்று தெருவில் நின்று கத்தினாள். அப்புறம் இந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் அவள் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

‘சார், இது எங்க வீட்டுக்காரர் விவகாரம், இதை வேற யாராவது பாக்கட்டும்’ என்று அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னொருவர் கை வைத்துக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள்.

சார் வந்து வளையத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“கம்பெனியும் போன் மேல போன், சங்கமும் போன் மேல போன். நாளைக்குச் சாயங்காலம் ரிப்போர்ட் கையில இருக்கணுமாம். கிரீஸ் இருந்துச்சா இல்லையான்னு பாக்கலாம்னா ஒரு பொட்டுகூட மிச்சமில்ல, எல்லாம் எரிஞ்சு போச்சு. இரும்பைத்தான் விசாரிக்கணும். என்னம்மா விசாரிக்கணும்?”

“சூடு வெளியேருந்து வந்துச்சா, உள்ளேருந்து வந்துச்சான்னு, சார்.”

“அப்படிச் சொல்லு. உன்னைப் படிக்க வச்சிருந்தா என் நாற்காலிக்கு ஆபத்து.”

மொத்த வழக்கும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. சூளையின் சூடு தண்டு வழியாக மாசக் கணக்கில் ஏறியிருந்தால், வளையம் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சீராக வெந்து தளர்ந்திருக்கும். பேரிங் எஃகைச் சுட்டு, எண்ணெயில் முக்கி, அப்படிக் கடினமாக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்பவும் மெதுவாகச் சூட்டில் வைத்தால் அந்தக் கடினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவிடும். கிரீஸ் வற்றிப்போய், பேரிங்குக்குள் உருளும் இரும்புக் குண்டு வளையத்தில் உரசியிருந்தாலோ, தோல் மட்டும்தான் கருகியிருக்கும். அதற்கு ஒரு மயிரிழை கீழே இரும்பு பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். வெந்ததா, தீய்ந்ததா? வெந்தது என்றால் கம்பெனி. தீய்ந்தது என்றால் பிசுக்கு.

அவள் வளையத்தை வெட்டும் மெஷினில் இறுக்கினாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வெட்டுகிற இடத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கைப்பிடியில் பாரம் போடக் கூடாது, இரும்பு தானாக வழிவிடும்வரை காத்திருக்க வேண்டும். இது அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். அன்றைக்கு அவள் கண் வளையத்தின் மேல் இருந்தது, காது தெருவில் இருந்தது. குடி விளங்குமா, குடி விளங்குமா என்று அந்தக் குரல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றியது. எப்போது கைப்பிடியில் சாய்ந்தாள், எப்போது தண்ணீர்க் குழாயின் மூக்கு ஒதுங்கிப்போய் வெறும் சுவரில் பீய்ச்சியது, எதுவும் தெரியவில்லை. மூக்கில் ஏறும் ஒரு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

வெட்டுமுகத்தில் மயில்கழுத்து நிறம் படர்ந்திருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? வெட்டின சூட்டிலேயே இரும்பு வெந்துவிட்டது என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வந்தவன் செய்கிற தப்பு. இப்படி ஆனால் வேறு இடத்தில் புதிதாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த முகத்தை நன்றாக ஆழத்துக்குத் தேய்த்துத் தள்ள வேண்டும். அவள் துண்டைக் கழுவினாள். ‘தேய்ப்பில் போய்விடும்’ என்று முணுமுணுத்தாள். வழக்கமாக எவ்வளவு தேய்ப்பாளோ அவ்வளவுதான் தேய்த்தாள். நிறம் போய்விட்டது. நிறம் போனால் நோய் போனதாக ஆகிவிடுமா என்று வேறு யாராவது செய்திருந்தால் கேட்டிருப்பாள்.

அமிலம் ஓட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்து பார்த்தாள். கறுப்பு. ஓரம், நடு, அடி, எங்கே நகர்த்தினாலும் ஒரே சீரான கறுப்பு. முழுக்க வெந்திருக்கிறது.

கடினம் அளக்கிற மெஷினில் இருந்தவனுக்குப் பெயர் புள்ளி. வைர முனையால் இரும்பில் புள்ளி குத்தி, புள்ளியின் அகலத்தை அளந்து கணக்குச் சொல்வது அவன் வேலை.

“அக்கா, உங்க பாலிஷ்ல குத்துறதுக்கே மனசு வரலை. மூஞ்சி பாத்து மீசை கத்தரிச்சுக்கலாம்” என்றபடி குத்தினான். “ஐம்பத்தொண்ணு… ஐம்பது… ஐம்பத்திரண்டு. அறுபத்திரண்டு இருக்கணுமே? இது பேரிங்கா, இல்ல பல்லுப்போன கிழவனா?”

“எல்லா இடத்துலயும் அப்படித்தானா?”

“ஓரத்துல, நடுவுல, எங்க குத்தினாலும் அதே கதைதான். சூட்டுல வச்சு அவிச்சிருக்கானுங்க பாவிங்க.”

அவளுக்கு அவன் தலையில் கையை வைத்து ஆசீர்வாதம் பண்ணலாம் போலிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பிசுக்கு நாற்காலியில் உட்கார்ந்து தீக்குச்சியால் நகக்கண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தான். வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது, நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

“பாத்துட்டேன். உங்க பேரிங் எங்ககிட்டதான் வந்துச்சு. இரும்பு வெந்திருக்கு. முழுக்க.”

அவன் தீக்குச்சியைக் கீழே போட்டான்.

“நிஜமாவா?” என்றான்.

அப்புறம் எழுந்து, சட்டையைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, கடைக்குப் போய் வந்து, இரண்டு தடவை சாப்பிட்டான். சிரித்துப் பேசினான். அவளும் சிரித்தாள். ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது அந்த ஒற்றைச் சொல் கையில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு வந்தது. நிஜமாவா?

கிரீஸ் போட்டவன் என்ன சொல்லியிருப்பான்? ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று குதித்திருப்பான். ‘மூணு வாரமா நாய் மாதிரி உக்கார வச்சானுங்களே’ என்று கத்தியிருப்பான். இவன் பரிசுச்சீட்டு விழுந்தவன் மாதிரி, நம்ப முடியாமல் கேட்டான். தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் தங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டவன் மாதிரி கேட்டான்.

மயில்கழுத்து நிறம் அப்போதுதான் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்பே போய்க் கூடத்தைத் திறந்தாள். மிச்சமிருந்த பாதி வளையத்தை இறுக்கினாள். தண்ணீர்க் குழாயின் மூக்கைத் திருப்பி நேராக வைத்தாள். ஒரு விரலால் தொட்டதுபோல் கைப்பிடியைப் பிடித்து, ஐந்து நிமிஷத்தில் முடிகிற வெட்டை இருபது நிமிஷம் வெட்டினாள். வெட்டுமுகம் வெள்ளையாக, ஜில்லென்று இருந்தது.

தேய்த்தாள், மெருகேற்றினாள், அமிலம் ஓட்டினாள், பார்த்தாள்.

ஓரத்தில் மட்டும், பால் மேல் கட்டின ஆடை அளவுக்கு, ஒரு கறுப்புத் தோல். அந்தத் தோல் இழுபட்டு, மடிந்து, கிழிந்திருந்தது. அதிலிருந்துதான் விரிசல்கள் கீழே இறங்கியிருந்தன. தோலுக்குக் கீழே இரும்பு வெளுப்பாக, நெருக்கமாக, பொடி வெள்ளைப் புள்ளிகள் சீராகத் தூவினாற்போல, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இவ்வளவு நல்ல எஃகை அவள் சமீபத்தில் பார்த்ததில்லை. சூளைச் சூடு அதன் உள்ளே போகவே இல்லை.

புள்ளி வந்ததும் வில்லையை நீட்டினாள். “இது வேற கம்பெனி பீஸ். சும்மா ரெண்டு குத்து குத்திச் சொல்லு.”

“அறுபத்தொண்ணு, அறுபத்திரண்டு. இதுதான் ஆம்பளை இரும்பு.” ஓரத்தில் ஒன்று குத்தினான். “இங்க மட்டும் நாற்பத்திமூணு. மேல்தோல் தீய்ஞ்சிருக்கு. எவனோ கிரீஸ் போடாத சோம்பேறி கையில மாட்டியிருக்கும் போல.”

“கொடு இப்படி” என்று பிடுங்கிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு நடந்தாள். பத்து நிமிஷ நடை. வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அவன் கட்டிலில் படுத்திருந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

“எழுந்திரி.”

கல்யாணமான நாளாக அவள் அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“கடைசியா அந்த ஃபேனுக்கு எப்ப கிரீஸ் போட்டே?”

“ஏன், நேத்துதான் வெந்திருக்குன்னு…”

“எப்ப போட்டே?”

அவன் தலையைச் சொறிந்தான். ஜன்னலைப் பார்த்தான். “ரெண்டு மாசம் இருக்கும்.”

“ரெண்டு மாசமா டிக் மட்டும் போட்டியா?”

“அங்க நீ ஒரு நாள் வந்து நின்னு பாரு, அப்புறம் பேசு.” குரல் ஏறியது. “கீழேருந்து கிரீஸ் போற குழாய் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே உடைஞ்சு போச்சு. மேல ஏறித்தான் போடணும். ஏணியில கை வச்சா தோல் உரியுது. ஷூ அடியில ரப்பர் உருகுது. மூணு தடவை வாயால சொன்னேன், குழாய் உடைஞ்சிருக்குன்னு. ‘பாக்கலாம், பாக்கலாம், தாள்ல டிக் போடு’ன்னான் மேஸ்திரி. பன்னெண்டு ஃபேன், ஒரு கிரீஸ் கன், வாரத்துக்கு ஒரு ஆளு. எல்லாத்துக்கும் டிக் போடுறவன்தான் அங்க நல்ல வேலைக்காரன்.”

“எழுதிக் கொடுத்தியா?”

“எழுதிக் கொடுக்க நான் என்ன கலெக்டரா?”

“நெட்டைக்குத் தெரியுமா?”

“தெரியாம? அவனும் கிரீஸ் வேலைதானே. ஒரு வாரம் நான் டிக் போடுவேன், ஒரு வாரம் அவன் போடுவான்.”

அவள் சுவரில் சாய்ந்தாள். “இரும்பு வேகல. நான் தப்பா வெட்டிட்டேன். இன்னிக்குச் சரியா வெட்டிப் பாத்தேன். நல்ல இரும்பு. கிரீஸ் இல்லாமதான் செத்திருக்கு.”

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கியது.

“ரெண்டையும் யார் பாத்தாங்க?”

“நான்தான்.”

“அப்ப முதல்ல வெட்டினதைக் கொடு.”

“பதினாலு வருஷத்துல ஒரு பீஸ்ல நான் ஏமாத்தினதில்ல.”

“ஓகோ. இந்த வீட்டுல ஒருத்தியாவது யோக்கியமா இருக்கணும், அதுக்கு ஒருத்தன் நடுத்தெருவுல நிக்கணும். அப்படித்தானே? உன் இரும்புக்கு வாயிருந்தா அதுவே சொல்லும், கட்டினவனைக் காட்டிக்கொடுக்காதேன்னு.” “வேலை போறது மட்டும் இல்ல. கேஸ் போடுவான். கொன்னவன்னு எழுதுவான். நான் கொல்லல. கேக்குதா? நான் அந்த நெட்டைப்பயலைக் கொல்லல.”

கடைசி வார்த்தையில் அவன் அழுதுவிட்டான். ஆம்பளை அழுகிற அந்த அசிங்கமான சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள். தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. மத்தியானச் சாப்பாடு மூடினபடியே இருந்தது.

நான்கு மணிக்குச் சார் கையை நீட்டினார். “அந்தச் சூளை பீஸ் எங்கம்மா?”

மேலங்கியின் இரண்டு பைகளிலும் இரண்டு வில்லைகள் இருந்தன. அவள் வலது கையை விட்டாள். அதில் இருந்தது முதல் நாள் வெட்டினது.

சார் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகு நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். அவள் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே ஒரு மரு இருந்தது. பதினான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

“சீரா வெந்திருக்கே. ஆச்சரியமாத்தான் இருக்கு, இவ்வளவு சீரா இருக்கும்னு நான் எதிர்பாக்கல.” கண்ணை எடுக்காமலே கேட்டார். “தண்ணி விட்டுத்தானே வெட்டினே?”

“ஆமா சார்.”

“இன்னொரு பக்கத்துலயும் ஒண்ணு வெட்டிப் பாக்கலாமான்னு யோசிச்சேன்.” நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். “உன் கை வெட்டினதுக்கு ரெண்டாவது பீஸ் எதுக்கு?”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ரிப்போர்ட் போனது. நீடித்த சூட்டினால் எஃகின் உள்ளமைப்பு சிதைந்து, கடினம் குறைந்து, தொடர்ந்த ஓட்டத்தில் களைப்பு விரிசல் கண்டு உடைந்தது. அந்த இடத்துக்கு அந்த எஃகு தகுதியானதல்ல என்று சார் எழுதியிருந்தார். சங்கத்துக்காரர்கள் அதைப் பிரதி எடுத்து ஆலையின் வாசற்கதவில் ஒட்டினார்கள். பிசுக்கை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். போன அன்றைக்கே நாலு பேர் முதுகில் தட்டினார்கள். டீக்கடையில் அவனுக்கு யாராவது ஒருவர் டீ சொன்னார்கள்.

முதல் வாரம் அவன் அதைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். இரண்டாம் வாரம் பார்த்துக்கொண்டே பேசினான். மூன்றாம் வாரம் அவனுக்கே அது நிஜமாகிவிட்டது.

“மட்டமான எஃகைப் போட்டு ஒரு ஆளைத் தின்னுட்டானுங்க” என்று சாப்பிடும்போது சொன்னான். “இப்ப பாரு, எல்லாச் சூட்டு ஃபேனுக்கும் புது பேரிங். விமான இன்ஜின்ல போடுற ரகமாம். எவ்வளவு சூட்டுலயும் வேகாதாம்.”

“குழாய்?”

“எந்தக் குழாய்?”

“கிரீஸ் குழாய். உடைஞ்சதுன்னு சொன்னியே. மாத்தியாச்சா?”

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

“விமானத்துல போடுற இரும்பா இருந்தாலும் கிரீஸ் இல்லாம ஓடாது” என்றாள். “காய்ஞ்சா தோல் தீயும். தீய்ஞ்சா வெடிக்கும். கொஞ்ச நாள் கூட ஓடும், அவ்வளவுதான்.”

“எப்படிக் கேக்கச் சொல்றே? குழாய் மாத்துங்கன்னு நான் இப்ப போய்க் கேட்டா, எப்ப உடைஞ்சுதுன்னு கேப்பான். என்ன சொல்றது? நேத்து உடைஞ்சுதுன்னு சொன்னா துருவைப் பாத்தே கண்டுபிடிச்சுடுவான்.”

“அப்ப ஏறிப் போடு.”

“போடுறேன். முடிஞ்ச அன்னிக்குப் போடுறேன்” என்று தட்டைத் தள்ளினான். முடிகிற நாள் எது என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பொய் சொன்னவர்கள் இரண்டு பேர். அந்தப் பொய்யே இப்போது ஒரு பூட்டாகிக் குழாயின் மேல் தொங்கியது. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்களாலேயே திறக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் நெட்டையின் மனைவி வந்து நின்றாள். உள்ளே வராமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு.

“அக்கா.”

“உள்ள வா.”

“அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். கம்பெனிக்காரன் சொன்னதை நம்பிட்டேன். அண்ணன்கிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்.”

பிசுக்கு சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தான். “அட, விடும்மா. ஆத்திரத்துல யாரா இருந்தாலும் பேசறதுதான். எவனோ செஞ்ச பாவத்துக்கு நாம எதுக்கு அடிச்சுக்கணும்? உக்காரு.”

எவ்வளவு அழகாகச் சொன்னான் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நெட்டையின் மனைவி தரையில் உட்கார்ந்தாள். “தப்பு கம்பெனி மேலன்னு ஆயிட்டதால, அவர் இடத்துல எனக்கு வேலை போட்டுக் கொடுத்துட்டாங்க. நாளையிலேருந்து வரச் சொல்லியிருக்காங்க. எல்லாம் நீங்க பாத்துச் சொன்னதுனாலதான்க்கா. கையெடுத்துக் கும்பிடணும்.”

“என்ன வேலை?”

“ஃபேன் மேடையில சுண்ணாம்புத் தூசி கூட்டுறது. ஆறாம் நம்பர்லேருந்து ஒன்பது வரைக்கும்.”

வந்தவளுக்குக் கொடுக்க எடுத்துவந்த தண்ணீர்ச் சொம்பை இவள் கீழே வைத்தாள்.

“அங்க போகாதே.”

“ஏன்க்கா? புது பேரிங் போட்டாச்சே?”

“பேரிங்ல குத்தமில்ல. முன்னாடி போட்டதும் நல்ல இரும்புதான். கிரீஸ் போகல. குழாய் உடைஞ்சிருக்கு. இன்னும் உடைஞ்சேதான் இருக்கு.”

“ஏய்!” என்றான் பிசுக்கு.

“நான் கொடுத்தது கெட்டுப்போன பீஸ். நல்ல பீஸை மறைச்சுட்டேன்.”

“வாயை மூடுடி!”

நெட்டையின் மனைவி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பிசுக்கின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். அங்கே என்ன தேடினாளோ அது கிடைத்துவிட்டது போலிருந்தது.

“ரிப்போர்ட் கொடுக்கும்போதே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“இப்ப எதுக்குச் சொல்றீங்க? வெளியில போய்ச் சொல்லப் போறீங்களா?”

“நீ சொல்லுன்னா சொல்றேன்.”

“நல்லா இருக்குக்கா” என்றாள் நெட்டையின் மனைவி. “பாரத்தை இறக்கி வைக்க உங்களுக்கு என் தலைதான் கிடைச்சுதா? சொன்னா என்ன ஆகும்? தப்பு கம்பெனி மேல இல்லைன்னு ஆகும். அவரும் கிரீஸ் கோஷ்டிதானே, செத்தவன் மேலயும் நாலு எழுதுவான். அப்புறம் இந்த வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க மனசு மட்டும் சுத்தமாயிடும்.”

இவள் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் அதைத் தொடவில்லை.

“நீங்க சொல்லவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. நாளைக்கு வேலைக்குப் போறேன்.” சொல்லிவிட்டு அவள் எழுந்திருப்பாள் என்று இருவரும் நினைத்தார்கள். எழுந்திருக்கவில்லை. பிசுக்கின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அண்ணே. உடையறதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் வருமா?”

அவன் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தான்.

“வருமா, வராதா?”

“வரும்.”

“எப்படி இருக்கும்?”

“முதல்ல… ஒரு மாதிரி விசில் அடிக்கும். அப்புறம் அது போயி…”

“சொன்னா எனக்குப் புரியாது. அந்த இரைச்சல்ல நான் எதைன்னு கண்டுபிடிக்கிறது? போட்டுக் காட்டுங்க.”

“என்னம்மா இது?”

“போட்டுக் காட்டுங்கண்ணே.”

பிசுக்கு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் உதட்டைக் குவித்து, பல்லிடுக்கில் மெலிதாக, விட்டு விட்டு ஒரு சீழ்க்கை விட்டான்.

“இது எத்தனை நாள் முன்னாடி வந்துச்சு?”

“நாலு நாள்.”

“அவரும் கேட்டாரா?”

“ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டோம்.” அவன் குரல் தேய்ந்தது. “‘கழுதைக்குக் கல்யாண ஆசை வந்துடுச்சு, பாட்டுப் பாடுது’ன்னான். சிரிச்சோம்.”

நெட்டையின் மனைவி தலையை ஆட்டினாள். அது அவள் புருஷன் சொல்லக்கூடிய பேச்சுத்தான்.

“அப்புறம்?”

பிசுக்கின் அடித்தொண்டையிலிருந்து கல்லை அரைப்பது போன்ற ஒரு கரகரப்பு வந்தது. ஆரம்பத்தில் மெதுவாக, போகப் போக வேகமாக, நடுநடுவே நாக்கை அண்ணத்தில் அடித்து ஒரு தட்டல். சின்ன அறை. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் முழுக்க உள்ளே கிடந்தது. வளர்ந்த ஆண் ஒருவன் நடுவீட்டில் நின்று ஃபேன் மாதிரிக் கத்தினான்.

“இது வந்தா?”

“ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. ஓடிடணும்.”

“எந்தப் பக்கம்?”

“தண்டுப் பக்கம். இறக்கைக்கு நேரா நிக்கக் கூடாது.”

“அவருக்கு இது தெரியும்தானே? அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போனாரு?”

பிசுக்கு ஜன்னல் பக்கம் திரும்பினான். ஃபேனை நிறுத்துகிற சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நெட்டையின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சுவரில் தலையைச் சாய்த்து, ஒரு காதை அவன் பக்கமாகத் திருப்பினாள்.

“முதல்லேருந்து இன்னொரு தடவை போடுங்க.”

போட்டான்.

“இன்னொரு தடவை.”

மூன்றாவது தடவை தட்டல் வர வேண்டிய இடத்தில் அவன் குரல் உடைந்து, மூச்சு மட்டும் வந்தது.

“ஒழுங்காப் போடுங்கண்ணே” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.